அளவு துணியில் தொடங்குகிறது

புதுத் துணியில் தைக்கும்போது வேலை உடம்பிலிருந்து தொடங்குகிறது. மார்பு, இடுப்பு, உயரம் அளந்து, எத்தனை மீட்டர் வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கடைக்குப் போகிறோம். பழைய துணியில் வரிசை மாறிவிடும். முதலில் அளக்க வேண்டியது துணியை. நீளம் அகலத்தை மட்டும் அளந்தால் போதாது, அதில் தெம்பாக இருப்பது எவ்வளவு என்று அளக்க வேண்டும். 5.5 மீட்டர் புடவையில் 3 மீட்டர்தான் நல்லபடியாக இருக்கிறது என்றால், உங்கள் கையில் இருப்பது 3 மீட்டர் துணிதான். அது யாருக்கு ஆகும், என்னவாக ஆகும் என்பதெல்லாம் அதற்குப் பிறகு.

பழைய துணியில் தைத்தது நாலு தடவை துவைத்ததும் கிழிந்துவிட்டது என்று சொல்பவர்கள் பெரும்பாலும் இந்த வரிசையை மாற்றிச் செய்தவர்கள். பேத்திக்குப் பாவாடை தைக்க வேண்டும் என்று முதலில் முடிவெடுத்துவிட்டு, பிறகு பீரோவைத் திறந்து கைக்கு வந்த புடவையை எடுத்திருப்பார்கள். அந்தப் புடவை வேறொன்றாக ஆகியிருந்தால் இன்னும் பத்து வருடம் வீட்டில் இருந்திருக்கும்.

துணியைப் படிப்பது

ஜன்னல் ஓரம் நின்று, துணியை இரண்டு கைகளாலும் விரித்து வெளிச்சத்துக்கு எதிரே பிடியுங்கள். நைந்த இடங்களில் வெளிச்சம் கூடுதலாக ஊடுருவும். பிறகு அந்த இடத்தின் இருபுறமும் ஒரு சாண் இடைவெளியில் பிடித்து, பாவின் திசையில் ஒரு முறை, ஊடையின் திசையில் ஒரு முறை, நிதானமாக இழுத்துப் பாருங்கள். நல்ல துணி விறைத்து நிற்கும். இற்றுப்போன துணி 'சர்ர்' என்று மெல்லிய ஓசையோடு விட்டுக்கொடுக்கும். அந்த ஓசை கேட்ட இடத்தை எந்தத் தையலாலும் காப்பாற்ற முடியாது. சாக்பீஸால் பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிவிடுங்கள்.

புடவை எல்லா இடத்திலும் ஒரேபோல் நைவதில்லை. கொசுவத்தின் கீழ் விளிம்பும் குதிகால் உரசும் கரையும் முதலில் போகும். அடுத்து, உட்காரும்போது பின்புறம் வரும் பகுதி. மூன்றாவது, தோளில் ஊக்கு குத்திக் குத்தி ஓட்டையான இடம். மாறாக, இடுப்பில் செருகி முதல் சுற்றாகச் சுற்றும் ஒரு மீட்டர் வெயிலே படாமல் உள்ளே இருப்பதால் சாயம்கூட மங்காமல் இருக்கும். ஃபால்ஸ் வைத்துக் கட்டிய புடவையில் ஃபால்ஸைப் பிரித்துப் பாருங்கள். அதன் அடியில் இருந்த கரை பல நேரம் புதுசாகவே இருக்கும். சட்டையில் காலர் மடிப்பு, முழங்கை, கைப்பட்டி முனை போகும். முதுகு கடைசிவரை நிற்கும். வேட்டியில் பாதத்தருகே வரும் கீழ்க்கரை போகும், நடுப்பகுதி நிற்கும்.

பட்டுக்கு இன்னொரு சோதனை உண்டு. பல வருடம் ஒரே மடிப்பில் பீரோவில் கிடந்த பட்டு, அந்த மடிப்புக் கோட்டிலேயே இற்றிருக்கும். விரித்துப் பார்த்தால் முழுதாகத் தெரியும். மடிப்பின் மேல் விரல் வைத்து இழுத்தால் நேர்கோடாகப் பிளக்கும். காஞ்சிபுரம் கோர்வைப் புடவைகளில் கரையும் உடலும் தனித்தனிப் பாவாக நெய்து ஊடையால் கோத்து இணைக்கப்பட்டவை. அந்த இணைப்புக் கோட்டையும் தனியாக இழுத்துப் பாருங்கள்.

துணி எது என்றே தெரியாமல் இருந்தால், விளிம்பிலிருந்து நாலைந்து இழைகளை உருவி, இடுக்கியில் பிடித்து, கீழே தண்ணீர்க் கிண்ணம் வைத்துக்கொண்டு கொளுத்திப் பார்க்கலாம். பருத்தி காகிதம் எரிவதுபோல் எரிந்து சாம்பலாகும். பட்டு முடி கருகிய வாசனை தரும். தீயை எடுத்தால் தானாக அணையும், கரி விரலில் பொடியும். பாலியஸ்டர் உருகிச் சொட்டி, கடினமான மணியாக உறையும். இந்தச் சோதனை குழந்தைத் துணிக்கும் சமையலறைத் துணிக்கும் மிக முக்கியம். பாலியஸ்டர் கலந்த துணி தீயில் உருகித் தோலில் ஒட்டும். அதில் சமையல் ஏப்ரனோ, சூடான பாத்திரம் இறக்கும் கரித்துணியோ ஒருபோதும் தைக்காதீர்கள்.

பழைய பருத்தியில் புதுத் துணிக்கு இல்லாத ஒரு வசதி இருக்கிறது. அது சுருங்க வேண்டியதெல்லாம் முன்பே சுருங்கி முடித்திருக்கும். சாயமும் பெரும்பாலும் நின்றிருக்கும், ஆனாலும் நம்பிவிடாதீர்கள். மதுரைச் சுங்குடி போன்ற அடர் சாயத் துணிகளில் ஈர வெள்ளைத் துணியை வைத்து அழுத்தித் தேய்த்துப் பாருங்கள். வெள்ளையில் நிறம் ஏறினால் அந்தத் துணியை வெளிர் நிறத்தோடு சேர்த்துத் தைக்க வேண்டாம்.

பிரிப்பது

கத்தரிக்கோலால் தையலை ஒட்டி வெட்டி எடுப்பது வேகமான வழி. நான் அதைச் சொல்லிக்கொடுப்பதில்லை. பழைய சட்டையின் பக்கத் தையலை வெட்டினால் ஒவ்வொரு பக்கமும் முக்கால் இஞ்ச் போய்விடும். பெரியவர் சட்டையில் குழந்தைக்கு வெட்டும்போது அந்த முக்கால் இஞ்ச்தான் பல நேரம் தேவைப்படும். தையல் பிரிக்கும் ஊசி கடையில் சில ரூபாய்க்குக் கிடைக்கிறது. நாலு தையலுக்கு ஒன்று வீதம் ஒரு பக்கத்து நூலை அறுத்துவிட்டு, மறுபக்கத்து நூலை இழுத்தால் முழுநீளமும் உருவிக்கொண்டு வரும். பொத்தான், ஹூக், ஜிப்பர், பிரிக்க வரும் எலாஸ்டிக் எல்லாவற்றையும் எடுத்து வையுங்கள். பிரித்த பிறகு துவைத்து, கஞ்சி முழுதும் போக அலசி, கொஞ்சம் ஈரம் இருக்கும்போதே இஸ்திரி போடுங்கள். பழைய மடிப்புகள் இருக்கும் துணியில் அளவு வரைந்தால் அளவு தப்பும்.

ஊசியும் நூலும் பற்றி இரண்டே செய்தி. மெல்லிய வேட்டிக்கும் பட்டுக்கும் 11 நம்பர் ஊசி, சட்டைத் துணிக்கு 14, ஜீன்ஸுக்கு 16 அல்லது 18. மழுங்கிய ஊசி பழைய துணியில் இழையை விலக்காமல் அறுத்துக்கொண்டு இறங்கும், அதனால் ஊசியைத் தயங்காமல் மாற்றுங்கள். தையலை வழக்கத்தைவிடக் கொஞ்சம் நீளமாக வையுங்கள். நெருக்கமான தையல் நைந்த துணியில் வரிசையாகத் துளையிட்டு, அந்தக் கோட்டிலேயே கிழிய வழி செய்துவிடும். நூல் துணியைவிட பலமாக இருக்கக் கூடாது. இழுபடும்போது தையல் விட்டுப் போனால் திரும்பத் தைக்கலாம், துணி கிழிந்தால் முடியாது. அதனால் பழைய பருத்திக்குப் பருத்தி நூல். ஒட்டுப் போடும்போதும் இதே கணக்குத்தான்: நைந்த துணியில் விறைப்பான புதுத்துணியை ஒட்டினால், ஒட்டின் விளிம்பைச் சுற்றிப் பழைய துணி கிழியும். ஒட்டும் பழசாகவே இருக்கட்டும்.

பிறந்த குழந்தைக்கு

பச்சிளம் குழந்தைக்கு முதலில் பழைய துணி உடுத்தும் வழக்கம் நம் வீடுகளில் இன்னும் இருக்கிறது. தாத்தாவின் பழைய வேட்டி, பாட்டியின் பழைய நூல்புடவை. நூறு முறை துவைத்த பருத்தியைப்போல் மென்மையான துணி எந்தக் கடையிலும் கிடைக்காது. கஞ்சியும் போயிருக்கும், உதிரும் சாயமும் போயிருக்கும்.

ஒரு எச்சரிக்கையை முதலிலேயே சொல்ல வேண்டும். பீரோவில் நாப்தலீன் உருண்டை போட்டு வைத்திருந்த துணியைக் குழந்தைக்கு நேரடியாகப் பயன்படுத்தாதீர்கள். ஜி6பிடி என்ற நொதி குறைவாக உள்ள குழந்தைகளுக்கு அந்த ஆவி ரத்தச் சிவப்பணுக்களை உடைத்து, கடுமையான மஞ்சள் காமாலையைக் கொண்டுவரும். அந்தக் குறை இருப்பது பல வீடுகளில் முன்கூட்டித் தெரியாது. வாசனை துளி இருந்தாலும் அந்தத் துணி வேறு வேலைக்குப் போகட்டும். மற்ற துணிகளை நன்றாகத் துவைத்து, கொதிநீரில் முக்கி எடுத்து, வெயிலில் உலர்த்திய பிறகு வெட்டுங்கள்.

தைக்க எளிதானது கையும் உடலும் ஒன்றாக வெட்டிய ஜப்லா. வேட்டியின் நல்ல பகுதியிலிருந்து 16 இஞ்ச் அகலம், 24 இஞ்ச் நீளம் உள்ள துண்டை எடுத்து, நாலாக மடியுங்கள்: 8 இஞ்ச் அகலம், 12 இஞ்ச் நீளம் வரும். இரண்டு மடிப்பும் சந்திக்கும் மூலை கழுத்து. அங்கிருந்து அகலத்தில் 2 இஞ்ச் குறித்து, பின் கழுத்துக்கு அரை இஞ்ச், முன் கழுத்துக்கு ஒன்றரை இஞ்ச் இறக்கம் வையுங்கள். தோள் மடிப்பிலிருந்து 4 இஞ்ச் கீழே கையின் அடிக்கோடு. நடு மடிப்பிலிருந்து ஐந்தரை இஞ்ச் தள்ளி உடலின் பக்கக் கோடு. இந்த இரண்டு கோடும் சந்திக்கும் அக்குளை மூலையாக விடாமல் வளைத்து வெட்டுங்கள். மேல் பக்கத்தை மட்டும் நடுவில் முழுநீளம் வெட்டி முன்திறப்பு ஆக்குங்கள். தலைவழியாகப் போடும் உடை முதல் மாதங்களில் குழந்தைக்கும் தாய்க்கும் சிரமம்.

தையல் மார்ஜின் குழந்தையின் தோலில் உரசக் கூடாது. முதலில் துணியின் உட்புறங்கள் சேர்ந்திருக்க, வெளிப்பக்கமாகக் கால் இஞ்சுக்கும் குறைவாக ஒரு தையல் போட்டு, பிசிறை நறுக்கி, திருப்பி, உள்ளிருந்து இன்னொரு தையல் போட்டால் பிசிறு உள்ளேயே அடைபட்டுவிடும். அதற்கும் பொறுமை இல்லையென்றால் சட்டையைத் திருப்பிப் போடுங்கள்: தையல் வெளியே, வழவழப்பு உள்ளே. முடிச்சுப் போட அதே துணியில் மெல்லிய நாடா, ஒவ்வொன்றும் 6 இஞ்ச், மார்பின் பக்கவாட்டில். கழுத்தில் நாடா வேண்டாம், பொத்தான் வேண்டாம், லேஸ் வேண்டாம். வாயில் போகக்கூடியதும் கழுத்தைச் சுற்றக்கூடியதும் இந்த உடையில் எதுவுமே இருக்கக் கூடாது.

மிச்ச வேட்டியில் லங்கோடு, துடைக்கும் துணி. தூளிக்குப் புடவை எடுத்தால் மேலே சொன்ன இழுவைச் சோதனையை முழுநீளத்துக்கும் செய்யுங்கள். முடிச்சு விழும் இடத்தை இரண்டு பேர் பிடித்து இழுத்துப் பாருங்கள். மாதம் ஒரு முறை திரும்பப் பாருங்கள்.

பட்டுப் பாவாடை

பழைய துணி வேலைகளில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கல்யாணப் புடவையை வெட்ட மனம் வராமல் முப்பது வருடம் வைத்திருந்து, கடைசியில் மடிப்பு மடிப்பாகப் பிளந்த பிறகு எடுத்துக்கொண்டு வருபவர்கள் உண்டு. கட்டப் போவதில்லை என்பது உறுதியானால், பட்டு தெம்பாக இருக்கும்போதே வெட்டுங்கள்.

ஐந்து வயதுப் பெண் குழந்தைக்கு இடுப்பிலிருந்து கணுக்கால் வரை ஏறக்குறைய 24 இஞ்ச் இருக்கும். உங்கள் குழந்தையை அளந்து மாற்றிக்கொள்ளுங்கள். பட்டுப்புடவையின் அகலம் 46 முதல் 48 இஞ்ச். பாவாடைக்குக் கரை கீழே வர வேண்டும் என்பதால் புடவையின் அகலம் பாவாடையின் உயரமாகிறது, நீளம் பாவாடையின் சுற்றளவாகிறது. 24 இஞ்ச் உயரம், மேல் தையலுக்கும் கீழ் மடிப்புக்கும் 2 இஞ்ச், டக் மூன்று வைக்க 6 இஞ்ச்: ஆக 32 இஞ்ச். கரையிலிருந்து மேல்நோக்கி 32 இஞ்ச் அளந்து வெட்டினால், மேலே மறுகரையோடு 14 முதல் 16 இஞ்ச் பட்டை மிஞ்சும். அதில் சட்டையின் கையும் உடலும் வெட்டலாம். சுற்றளவுக்கு 2 மீட்டர் தாராளம். முந்தானையைச் சட்டைக்கு ஒதுக்கிவிட்டு, தெம்பான உடல் பகுதி 4 மீட்டர் கிடைத்தால் ஒரே புடவையில் அக்காவுக்கும் தங்கைக்கும் ஒரே மாதிரிப் பாவாடை.

டக் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ரெடிமேட் பாவாடைகளில் அது காணாமல் போய்விட்டதால். பாவாடையைச் சுற்றிலும் ஒரு இஞ்ச் ஆழத்துக்குத் துணியை மடித்துத் தைத்தால் 2 இஞ்ச் உள்ளே போகும். மூன்று டக் என்றால் 6 இஞ்ச். நாலு வயதிலிருந்து பத்து வயதுவரை குழந்தை வருடத்துக்கு ஐந்தாறு சென்டிமீட்டர் உயர்கிறது. அதில் இடுப்புக்குக் கீழே கூடுவது ஏறக்குறைய ஒன்றேகால் முதல் ஒன்றரை இஞ்ச். அப்படியானால் ஒன்றரை வருடத்துக்கு ஒரு டக் பிரிக்கலாம். ஒரு பாவாடை நாலு வருடம் ஓடும். டக்கை மிஷினில் அடிக்காதீர்கள். பட்டில் மிஷின் ஊசி போட்ட துளை மறையாது, பிரித்த பிறகு புள்ளிக்கோடாகத் தெரியும். மெல்லிய கையூசியில் சின்ன ஓட்டுத்தையல் போதும். பூ புட்டா உள்ள பட்டில் டக் நடுவில் வந்தால் புட்டா உடைபடும். அப்போது டக்குகளை இடுப்பை ஒட்டி, சட்டைக்குள் மறைகிற உயரத்தில் வையுங்கள். வெறும் உடல் பட்டாக இருந்தால் கரைக்குச் சற்று மேலே மூன்று கோடாக வைப்பது தனி அழகு. தினமும் போடும் பருத்திப் பாவாடையில் டக் பிரிக்கும்போது உள்ளிருந்த நிறம் அடர்த்தியாகத் தெரியும். அந்தக் கோட்டின் மேல் மெல்லிய லேஸ் தைத்துவிடலாம்.

இடுப்பில் நாடா வைக்காமல், பருத்தியில் பாடி வைத்துத் தையுங்கள். பட்டும் ஜரிகையும் கனமானவை. நாடாவில் கட்டினால் அந்தக் கனம் முழுவதும் இடுப்பைச் சுற்றி ஒரு கோட்டில் இறங்கி, தோலை அழுத்தித் தழும்பாக்கும். பாடி வைத்தால் கனம் தோளுக்குப் போகும், குழந்தை ஓடியாடலாம். பாடிக்கும் உள் லைனிங்குக்கும் பழைய வேட்டி. லைனிங் பாவாடையைவிட ஒரு இஞ்ச் குட்டையாக இருக்கட்டும், டக் பிரிக்கும்போது அதையும் இறக்க ஏதுவாக அதன் கீழ் மடிப்பை அகலமாக விடுங்கள். பழைய பட்டு மிஷின் பற்களில் சிக்கி இழுபட்டால் அடியில் பட்டர் பேப்பர் வைத்துத் தைத்து, பிறகு கிழித்து எடுத்துவிடுங்கள். செய்தித்தாள் வேண்டாம், மை ஒட்டும். இஸ்திரி மிதமான சூட்டில், மேலே பருத்தித் துணி போட்டு.

உடல் இற்றுப் போய் கரை மட்டும் நன்றாக இருந்தால்? கரையைக் கோர்வைக்கு அரை இஞ்ச் மேலே வெட்டி எடுத்து, புதிய கோரா காட்டனிலோ பழைய நல்ல பருத்திப் புடவையிலோ தைத்த பாவாடையின் அடியில் வைத்துத் தையுங்கள். கரைக்கும் பின்னால் மெல்லிய பருத்தி கொடுத்தால் தொங்காமல் நிற்கும். ஜரிகை அசலா என்று தெரிந்துகொள்ள விளிம்பில் ஒரு இழையைச் சுரண்டிப் பாருங்கள். பட்டு நூலின் மேல் வெள்ளிக்கம்பி சுற்றிப் பொன்முலாம் பூசியதே பழைய காஞ்சிபுரம் ஜரிகை. உள்ளே சிவப்புச் சாயமிட்ட பட்டு தெரியும். இதில் உள்ள வெள்ளிக்காகத்தான் பழைய பட்டுப்புடவை வாங்க ஆட்கள் வருகிறார்கள். உடலும் கரையும் இரண்டுமே போய்விட்ட புடவையை அவர்களுக்கு எடை போட்டுக் கொடுப்பதில் தவறே இல்லை. ஆனால் ஒரு சாண் கரை தேறினாலும் முதலில் அதை வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள்.

சட்டைக் காலரைத் திருப்புவது

ஊர்த் தையல்கடைகளில் முன்பெல்லாம் வழக்கமாகச் செய்துகொடுத்த வேலை. சட்டை நன்றாக இருக்கும், காலர் மடிப்பு மட்டும் கழுத்து உரசி நைந்திருக்கும். காலரும் காலர் பட்டியும் சேரும் தையலை மட்டும் பிரியுங்கள். பட்டியைச் சட்டையிலிருந்து பிரிக்க வேண்டாம். பிரிப்பதற்கு முன்பே காலரின் நடுவையும் பட்டியின் நடுவையும் சாக்பீஸால் குறித்துவிடுங்கள். காலரை வெளியே எடுத்ததும் நைந்த கோட்டின் மேல் ஜிக்ஜாக் தையல் ஓட்டியோ, அடியில் மெல்லிய துணி வைத்து இழை ஓட்டியோ பலப்படுத்துங்கள். பிறகு மேல்பக்கம் கீழாகத் திருப்பி, பட்டியின் இரண்டு அடுக்குக்கும் நடுவில் செருகி, நடுக்குறி பொருந்தத் தற்காலிகமாக டாக் தையல் போட்டு, பழைய தையல் கோட்டின் மேலேயே அடியுங்கள். நைந்த பக்கம் அடியில் போய்விடும், மேலே வெயில் படாத புதுப்பக்கம். காலர் முனைக்குள் பிளாஸ்டிக் துண்டு செருகும் பை இருந்தால் திருப்பியபின் அது மேலே தெரியும். அந்தச் சட்டைக்கு இந்த வழி ஒத்துவராது.

வீட்டில் முடியாதவர்கள் இருந்தால்

தையல் புத்தகங்கள் குழந்தைகளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் பாதியைக்கூட வயதானவர்களுக்கு ஒதுக்குவதில்லை. உடையால் நாள்தோறும் அவதிப்படுவது அவர்கள்தான். பக்கவாதம் வந்த அப்பாவுக்குச் சட்டை மாட்டிவிடுவது எவ்வளவு பெரிய வேலை என்று செய்தவர்களுக்குத் தெரியும். அதற்குப் புதுச் சட்டை வாங்க வேண்டியதில்லை, அவருக்குப் பழக்கமான சட்டையையே மாற்றலாம்.

செயலிழந்த கையின் பக்கம், கைப்பட்டியில் தொடங்கி அக்குள் வழியாகச் சட்டையின் கீழ் விளிம்புவரை உள்ள தையல் முழுவதையும் பிரியுங்கள். பிரித்த இரண்டு ஓரத்துக்கும் வேறொரு பழைய சட்டையிலிருந்து ஒன்றரை இஞ்ச் பட்டி வெட்டிக் கொடுங்கள், ஒன்றின் மேல் ஒன்று ஏறுகிற மாதிரி. வெல்க்ரோவை முழுநீளத்துக்கும் ஓட்டினால் விறைத்துக்கொண்டு குத்தும். ஒன்றரை இஞ்ச் துண்டுகளாக வெட்டி, 4 இஞ்சுக்கு ஒன்று வீதம் வையுங்கள். சொரசொரப்பான பாதி அடிப்பட்டியில் வெளிப்புறம் பார்த்தபடி, மிருதுவான பாதி மேல்பட்டியில் உட்புறம் பார்த்தபடி இருக்க வேண்டும். அப்போது சொரசொரப்பு உடம்பில் படாது. மாட்டும்போது முடியாத கையை முதலில், கழற்றும்போது அதைக் கடைசியில். துவைக்கும்போது வெல்க்ரோவை மூடித் துவையுங்கள், இல்லையென்றால் நூலும் முடியும் சேர்ந்து ஒட்டாமல் போகும்.

கை நன்றாக இருந்தும் விரல் நடுங்கிப் பொத்தான் போட வராதவர்களுக்கு, காஜாவை மூடித் தைத்து அதன் மேலேயே பொத்தானைத் தைத்துவிட்டு, பின்னால் வெல்க்ரோ வையுங்கள். பார்ப்பவர்களுக்கு அது வழக்கமான சட்டைதான். அந்த வேறுபாடு தெரியாமல் இருப்பது அவர்களுக்கு முக்கியம், நமக்கும் முக்கியமாக இருக்க வேண்டும்.

படுக்கையிலேயே இருக்கும் அம்மாவுக்குப் பழைய நூல்புடவையில் பின்திறப்பு நைட்டி. பின்னால் இரண்டு பக்கமும் ஒரு சாண் ஒன்றன்மேல் ஒன்று ஏறட்டும், கழுத்தருகே பக்கவாட்டில் மட்டும் ஒரு நாடா. முதுகிலும் இடுப்புக்குக் கீழும் தடித்த தையலோ முடிச்சோ பொத்தானோ இருக்கக் கூடாது. அசையாமல் படுத்திருப்பவர்களுக்கு அந்தச் சின்ன அழுத்தமே படுக்கைப்புண்ணுக்கு வழிகோலும். தையலை எல்லாம் பக்கவாட்டுக்கும் முன்புறத்துக்கும் கொண்டுபோங்கள்.

மூன்றடுக்குப் போர்வை

பழைய நூல்புடவை ஒன்றை மூன்று சம துண்டுகளாக வெட்டினால் ஒவ்வொன்றும் ஏறக்குறைய 1.8 மீட்டர். ஒன்றின் மேல் ஒன்றாக வைத்தால் ஒருவர் போர்த்திக்கொள்ளும் மூன்றடுக்குப் போர்வை கிடைத்துவிட்டது. ஒரு புடவை, ஒரு போர்வை. வங்காளத்தின் காந்தா இப்படிப் பிறந்ததுதான். அங்கே பெண்கள் பழைய புடவைக் கரையிலிருந்து வண்ண இழைகளை உருவி, அந்த நூலாலேயே தைத்தார்கள். கர்நாடகத்தின் உத்தர கன்னட மாவட்டத்தில் வாழும் சித்தி மக்கள் தைக்கும் கவந்தி இன்னொரு வகை: ஒட்டுத்துணிகளை ஓரத்திலிருந்து தொடங்கிச் சுற்றிச் சுற்றி நடுவுக்கு வந்து முடிப்பார்கள். இரண்டிலுமே தேவைப்படும் தையல் ஓட்டுத்தையல் ஒன்றுதான்.

நைந்த துண்டு நடுவில், நல்ல துண்டுகள் மேலும் கீழும். தரையைத் துடைத்து, மூன்றையும் சுருக்கமில்லாமல் விரித்து, மூலைகளில் கனமான எதையாவது வையுங்கள். நடுவிலிருந்து ஓரத்தை நோக்கி, சாணுக்கு ஒரு கோடாக நீளவாக்கிலும் குறுக்கிலும் பெரிய டாக் தையல் போடுங்கள். ஓரத்திலிருந்து தொடங்கினால் நடுவில் துணி பொம்மிக்கொள்ளும். ஓரங்களை உள்ளே மடித்துத் தைத்த பிறகு, ஒரு இஞ்ச் இடைவெளியில் வரிசை வரிசையாக ஓட்டுத்தையல். வரிசை நேராக வர வேண்டும் என்று கவலைப்படாதீர்கள். புடவையில் கட்டமோ கோடோ இருந்தால் அதன் மேலேயே போகலாம். நூலை இறுக்கி இழுக்காதீர்கள், துவைத்ததும் துணி தானே சிறுசிறு அலைகளாகும். ஒருவரே உட்கார்ந்து தைத்தால் முதுகு போய்விடும். மாலையில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து ஆளுக்கொரு பக்கமிருந்து தைக்கலாம், பள்ளி விட்டு வந்த பிள்ளைக்கும் ஒரு ஊசி கொடுக்கலாம். எட்டு வயதுப் பிள்ளைக்கு ஓட்டுத்தையல் சொல்லிக்கொடுக்க இதைவிட நல்ல துணி கிடைக்காது.

போர்வைக்கு அடுத்தது பை. தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தித் தூக்கியெறியும் பிளாஸ்டிக் பைகளுக்கு 2019 ஜனவரி 1 முதல் தடை; 2021 டிசம்பரில் 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கமும் வந்தது. பழைய பேன்ட் வீட்டில் இருக்கும்போது பைக்குத் துணி வாங்க வேண்டாம். பேன்ட் காலை முழங்காலுக்கு மேல் குழாயாக வெட்டி, உள்ளே திருப்பி, அடியில் இரட்டைத் தையல் போட்டால் பை. இடுப்புப் பட்டியே கைப்பிடி. அதைப் பையின் வாயிலிருந்து 3 இஞ்ச் உள்ளே இறக்கி, சதுரமாகவும் குறுக்காகவும் அடித்தால் பத்து கிலோ அரிசி தாங்கும். பாலியஸ்டர் புடவைகளுக்கும் இதுதான் இடம்: மடித்தால் கைக்குள் அடங்கும் காய்கறிப் பை, ஜன்னல் திரை, மிக்ஸி உறை.

இதெல்லாம் வெட்டிய பிறகு மிஞ்சும் துணுக்குகளை நீளம் பார்த்துப் பிரித்து வையுங்கள். ஒரு சாணுக்கு மேல் உள்ளவை, குறுக்காக ஒன்றரை இஞ்ச் பட்டையாக வெட்டினால் கிராஸ் பீஸ். கழுத்துக்கும் கைக்கும் பைப்பிங் வைக்க எப்போதும் தேவைப்படும். அதைவிடச் சின்னவற்றில் பருத்தி மட்டும் கரித்துணிக்கும் சுருணைக்கும். பனியன் துணி தண்ணீரை நன்றாக உறிஞ்சும் என்பதால் அதைத் தைக்காமல், நான்காக வெட்டித் துடைக்கப் பயன்படுத்துங்கள். வெளிச்சத்தில் பிடித்தபோது பெருக்கல் குறி போட்டு ஒதுக்கிய துண்டுகள் தலையணைக்குள் திணிக்க ஆகும், ஜரிகையும் ஹூக்கும் இல்லை என்று விரலால் தடவிப் பார்த்துவிட்டு.